மணி அடிப்பதற்குள் ஒரு வாய்

மணிக்காரர் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. கடிகாரம் பழுது பார்க்கிறவரைச் சொல்லவில்லை. பசித்துச் சாப்பிடுகிறவர்கள், ருசித்துச் சாப்பிடுகிறவர்கள், கிடைத்தால் சாப்பிடுகிறவர்கள் என்று உலகத்தில் மூன்று வகை போதாதென்று நாலாவதாக வந்து பந்தியில் இடம் பிடித்தவர்கள் இவர்கள். மணி பார்த்துச் சாப்பிடுகிறவர்கள்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். காலை எட்டு மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருவார். நீங்கள் தோசை ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். வாய் சும்மா இருக்காமல், “சாப்பிடுங்களேன்” என்று சொல்லிவிடுவீர்கள். சொல்லலாமா? உடனே அவர் உள்ளங்கையை உங்கள் முகத்துக்கு நேரே காட்டி, “இது நான் சாப்பிடற நேரமில்லீங்க” என்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. தோசையின் மேலிருந்து கண்ணை எடுக்காமல், குடல் இந்நேரம் எப்படி ஓய்வெடுக்கிறது, ஈரல் எப்படிக் கூட்டிப் பெருக்குகிறது, கொழுப்பு எப்படி வெண்ணெய் மாதிரி உருகி வழிகிறது என்று, உங்கள் மூன்றாவது தோசை கல்லில் கருகுகிற வரைக்கும் விளக்குவார். அந்தக் கருகின தோசையைத் திருடினவர் மாதிரி நீங்கள் ஒரு மூலையில் நின்று மென்று விழுங்க வேண்டும்.

அதே மனிதரை மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். பார்க்கக்கூட வேண்டாம், வாசலில் நின்றால் போதும். சத்தம் கேட்கும்.

இவருடைய மதத்தில் வசனம் ஒன்றே ஒன்றுதான். நேரத்துக்கு வெளியே ஒரு கடலை உள்ளே போனாலும் அது விஷம். நேரத்துக்குள்ளே ஒரு முழுப் பலாப்பழம் உள்ளே போனாலும் அது விரதம்.

சேர்வராயன் மலையில் இந்த இனத்தில் முழுசாக வளர்ந்த ஒருவர் இருக்கிறார். பெயர் கிறிஸ்துதாஸ். காபி எஸ்டேட்டில் ரைட்டர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. வேலைக்கு வந்த ஆட்களையும் பறித்த பழத்தையும் நோட்டில் எழுதுகிறவர். எழுதுவதற்காக நாள் முழுக்கக் காபிச் சரிவில் ஏறி இறங்குகிறவர். அவருடைய மனைவி தேவகுமாரி அதிகம் பேசமாட்டாள். வாய் ஓய்வாக இருக்கிறவர்களுக்குக் கண்ணும் காதும் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும் அல்லவா? அவளுக்கும் அப்படித்தான்.

போன செப்டம்பரில் கிறிஸ்துதாஸின் வலது முட்டி பன் மாதிரி உப்பிக்கொண்டது. இரண்டு பேரும் பஸ் ஏறி, இருபது வளைவும் இறங்கி, அடிவாரத்தில் இருக்கிற டாக்டரம்மாவிடம் போனார்கள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். ரத்தச் சீட்டைப் பார்த்தார், இடுப்பில் டேப்பைச் சுற்றினார். டேப் ஒரு சுற்று வந்து சேருவதற்குள் அவருக்கே மூச்சு வாங்கியது.

“சார், சக்கரை வரம்புல நிக்குது. இடுப்பு வரம்பைத் தாண்டிருச்சு. அளவுக்கு மேல சாப்பிட்டுச் சாப்பிட்டு வயித்துல சேர்ற கொழுப்பு சும்மா இருக்காது. உடம்பு பூரா உள்ளுக்குள்ளயே ஒரு புகைச்சலைக் கிளப்பிக்கிட்டே இருக்கும். உங்க முட்டி வீங்கறதுல அதுக்கும் பங்கு இருக்கு. காலையில நல்லா சாப்பிடுங்க, மத்தியானம் அளவா, சாயங்காலம் அரை வயிறு. பொழுது சாஞ்சப்புறம் சாப்பாடே வேண்டாம், அந்நேரத்துல சக்கரையைச் சமாளிக்கறதுல உடம்பு மந்தமாயிரும். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி மறுபடி ரத்தம் குடுங்க. நம்பர் இறங்கலைன்னா மாத்திரைதான். மேடு ஏறி இறங்கற வேலையை விட்டுட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான்.”

இத்தனை பெரிய பேச்சில் கிறிஸ்துதாஸின் காதில் விழுந்தது ஒரே வாக்கியம்: பொழுது சாஞ்சப்புறம் வேண்டாம். தேவகுமாரியின் காதில் விழுந்ததும் ஒரே வாக்கியம்தான்: வீட்டுல உக்கார வேண்டியதுதான்.

அவள் நடுங்கியதில் நியாயம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லீவு. பூசை முடிந்து வந்ததும் அவர் சமையல்கட்டில் முக்காலி போட்டு உட்காருவார். ஒவ்வொரு மூடியாகத் திறப்பார். திறந்த மூடியை வேறு பாத்திரத்தின் மேல் வைப்பார். “இது என்ன, உப்பு பாத்தியா? இது எப்ப ஆகும்? அது யாருக்கு?” என்பார். வெங்காயத்தை இன்னும் பொடிசாக நறுக்கலாம் என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கே அவளுக்குத் திங்கட்கிழமை மதியம் வரைக்கும் தலை வலிக்கும். வாரத்துக்கு ஏழு ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு பொம்பளை என்ன ஆவாள்?

ஆனால் கிறிஸ்துதாஸ் பஸ் மலை ஏறி முடிப்பதற்குள் மொபைலில் மூன்று வீடியோ பார்த்து, பதினெட்டாவது வளைவில் சட்டம் இயற்றிவிட்டார். காலையில் வெறும் தண்ணீர். மேட்டுக் கோயிலில் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஜெப மணி அடிக்கும், அப்போது வாய் திறக்கும். மாலை ஆறு மணிக்கு ஜெப மணி அடிக்கும், அப்போது வாய் மூடும். டாக்டரம்மா காலையில் நல்லா சாப்பிடச் சொன்னாரே என்று கேட்காதீர்கள். தேவகுமாரி கேட்டாள்.

“ஏனுங்க, சாயங்காலம் அரை வயிறுன்னாங்களே?”

“நேரத்தைப் பாதியாக் கொறைச்சாச்சில்ல? நேரம் பாதின்னா வயிறும் பாதிதான்.”

அந்தப் பாதி வயிற்றின் லட்சணத்தைக் கேளுங்கள். பன்னிரண்டு மணியின் முதல் அடிக்கு முதல் கவளம். அதில் சோறு, சாம்பார், ரசம், மோர், மறுபடி சாம்பார். மூன்று மணிக்கு “லேசா” நாலு பஜ்ஜி. நாலு மணிக்கு எஸ்டேட்டுக்கே தூக்குப்போசியில் உப்புமா. ஐந்து மணிக்கு மேல் தொடங்குவதுதான் பெரிய பந்தி. முன்பு ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட்டது முழுசாக இங்கே இடம் மாறி வந்துவிட்டது. அது மட்டுமா? ராத்திரி பசித்தால் என்ன செய்வது என்று ஒரு பயம். ஆகவே, இன்னும் வராத பசிக்கும் இப்போதே முன்பதிவு. ஐந்து ஐம்பதுக்கு அவர் எழுந்து நின்றுகொள்வார். நின்றால் இடம் கூடும் என்பது அவர் கணிப்பு. ஒரு கையில் பிட்டு, ஒரு கையில் வாழைப்பழம், காது மட்டும் மேட்டுக் கோயில் பக்கம். ஜெப மணி மூன்று மூன்றாக அடித்து, பிறகு தொடர்ந்து அடித்து ஓயும். முதல் அடிக்கு வாய் மூட வேண்டுமா, கடைசி அடிக்கா? கடைசி அடிக்குத்தான் என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். மற்றவர்கள் சிலுவை போட்டு ஜெபம் சொல்லுகிற அந்த ஒரு நிமிடத்தில் இவர் இரண்டு முட்டை உரித்துவிடுவார்.

மணி ஓய்ந்ததும் தட்டைத் தள்ளிவிட்டு ஒரு பெருமூச்சு. “இனி நாளைக்கு மத்தியானம்தான். பதினெட்டு மணி நேரம் பச்சைத் தண்ணி. நம்மளாட்டம் யாரு இருப்பாங்க?”

ஏப்பம் மட்டும் ராத்திரி பத்து மணி வரைக்கும் வரும். ஏப்பத்துக்கு மணி கிடையாது.

அக்டோபர் கடைசியில் ஒரு விபத்து நடந்தது. அன்று மீன் வாங்கி வர நேரமாகிவிட்டது. தேவகுமாரி வாணலியில் முதல் துண்டைத் திருப்பும்போதே மணி அடித்துவிட்டது. கிறிஸ்துதாஸ் வாணலியைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். பெற்ற பிள்ளையை பஸ் ஸ்டாண்டில் தொலைத்தவர் மாதிரி அன்று ராத்திரி முழுக்க வாசலுக்கும் அடுப்புக்கும் நொண்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள், “குமாரி, நாப்பது மசால் வடை சுடு” என்றார். முப்பது அவருக்கு. பத்தை இலையில் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி மேட்டுக்குப் போனார். அங்கே மணி அடிக்கிற கோயில்பிள்ளை கிங்ஸ்டன், கல்யாணம் ஆகாதவர், கோயிலுக்குப் பின்னாடி ஒற்றை அறையில் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார். மணிக்கயிறும் அவரும் ஒரே பருமன்.

“ஏம்ப்பா கிங்ஸ்டன், இந்த மூடுபனியில ஆறாச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“வாட்ச் இருக்குதுங்க ரைட்டர்.”

“வாட்சுக்கு மட்டும் மூடுபனி கிடையாதா? ஒரு அஞ்சு நிமிஷம் முன்னப் பின்ன ஆனா ஆண்டவர் கோவிச்சுக்குவாரா? வடையைத் தின்னு.”

கிங்ஸ்டன் தின்றார். அன்று மணி ஆறு ஐந்துக்கு அடித்தது. அடுத்த வாரம் ஆறு பத்து. நவம்பர் நடுவில் மலையில் மாலை ஆறு மணி ஆறரைக்கு வந்தது. விளையாடப் போன பிள்ளைகள் மணி அடித்தால்தான் வீடு திரும்ப வேண்டும் என்பது அங்கே கட்டளை. பிள்ளைகள் கிங்ஸ்டனைப் புனிதர் பட்டியலில் சேர்க்கலாம் என்றார்கள். பங்குச்சாமியார் புதிதாக வந்தவர். மலைக்கு மலை வழக்கம் வேறுபோல என்று பேசாமல் இருந்துவிட்டார்.

மளிகைக் கடை ஹனீபா பாய்தான் ஒரு நாள் கேட்டார். “ஏனுங்க ரைட்டரே, உங்க ஆறு மணி அடிக்கறப்ப என் மொபைல்ல ஆறரை காட்டுதுங்களே?”

கடையில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். கிறிஸ்துதாஸ் ஒரு எலந்தைவடையை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். “மொபைல் டைம் டெல்லி டைமுங்க பாய். இது மலை. இங்க கோயில் மணிதான் மணி. அதுக்கு மேல ஒரு கடிகாரம் கிடையாது!”

“செரிங்க” என்றார் ஹனீபா. “நாங்க ஒரு மாசம் நோன்பு வெக்கறமுங்க. நோன்பு தொறக்க மணி பாப்போம். நீங்க போசியைக் காலி பண்ண மணி பாக்கறீங்க. நொம்ப கஷ்டமான நோன்புதானுங்க உங்களுது.”

ஐந்து பேரும் சிரித்தார்கள். கிறிஸ்துதாஸ் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு எலந்தைவடை வாங்கினார்.

முட்டி மட்டும் எதையும் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பன் இப்போது பெரிய பன் ஆகிவிட்டது. பெல்ட்டில் புது ஓட்டை போட ஆணியைக் காய்ச்ச வேண்டியிருந்தது. கோயில் மேட்டுப் படியில் ஏற முடியாமல், வடைப் பொட்டலத்தைத் தேவகுமாரியிடமே கொடுத்து அனுப்ப ஆரம்பித்தார். அவளோ நாள்காட்டியைப் பார்த்தாள். ரத்தம் கொடுக்க இன்னும் நாலு வாரம். பிறகு சமையல்கட்டையும் பார்த்தாள். முக்காலி மூலையில் காத்திருந்தது.

நவம்பர் கடைசியில் ஒரு நாள் நாலு மணி உப்புமாவை எடுத்துக்கொண்டு அவள் எஸ்டேட்டுக்குப் போனபோது, காபிப் பழத்துக்குத் தோல் உரிக்கிற மெஷின் பக்கத்தில் நின்று கிறிஸ்துதாஸ் கத்திக்கொண்டிருந்தார். வெள்ளக்கடை ஊரிலிருந்து பறிக்க வருகிற பெண்கள் பழ மூட்டையோடு நின்றார்கள்.

“எத்தனை தடவை சொல்லறது? மெஷினு ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் தின்னும்! பகலெல்லாம் சும்மா உட்டுட்டு, பொழுது சாயற நேரத்துல மொத்தமாக் கொண்டாந்து கொட்டினா என்ன ஆகும்? குவிஞ்சு கெடந்து, உள்ளுக்குள்ள சூடேறி, புளிச்சு நாறிப்போயிரும்! மெஷினுக்கு வாய் இல்லைங்கறதுக்காக இப்படியா திணிக்கறது?”

சொல்லிவிட்டு, தூக்குப்போசியை வாங்கித் திறந்தார்.

மூட்டை சுமந்து நின்ற பெண்களில் ஒருத்தியான ஜெயகுமாரி, போசியைப் பார்த்தாள், ரைட்டரின் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள், தேவகுமாரியின் காதருகே குனிந்தாள். “அக்கா, இந்த மெஷினு எத்தனை குதிரை சக்தீங்க?”

தேவகுமாரி சிரிப்பை முந்தானைக்குள் அடக்கிக்கொண்டாள். அன்று மேட்டுக்கு வடை கொண்டுபோனபோது அவள் பொட்டலத்தைக் கொடுத்ததும் திரும்பவில்லை. நின்றாள். அவள் நின்று பேசுவதே மலையில் ஒரு செய்தி.

“கிங்ஸ்டன், வடை எப்படி இருக்குதுங்க?”

“நொம்ப நல்லாருக்குதுங்க அக்கா.”

“யாரு சுட்டது?”

“நீங்கதானுங்க.”

“அப்ப மணியை யாரு சொல்லற மாதிரி அடிப்பீங்க?”

கிங்ஸ்டனின் தாடை நின்றது. பொட்டலத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நிலவரம் புரிந்தது. “இன்னைக்கே அஞ்சரைக்கு அடிச்சுப்போடட்டுங்களா?”

“ஐயோ, வேண்டாமுங்க. ஒரேயடியா இறக்கினா வண்டி கவுந்துரும். மலைப்பாதையாட்டம் ஒவ்வொரு வளைவா இறக்கோணும்.”

அப்படியே இறங்கியது. ஆறு இருபது, ஆறு பத்து, ஆறு, ஐந்து ஐம்பது. டிசம்பர் பாதியில் மணி ஐந்து இருபதுக்கு வந்து நின்றது. பறிப்புக் காலம் வேறு. பழம் எடை போட்டு முடிய நாலே முக்கால் ஆகி, முட்டியை இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர ஐந்து ஆகும். கை கழுவி உட்கார்ந்து இரண்டு தோசை முடிவதற்குள் மேட்டில் மணி.

கிறிஸ்துதாஸ் மூன்றாவது தோசையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். வெளியே மூடுபனி. பகலா இரவா என்று மலைக்கே தெரியாது. “டிசம்பர்ல பொழுது சீக்கிரம் போயிருது” என்று முனகித் தோசையை வைத்துவிடுவார். ஒரு நாள் கடையில் சந்தேகம் வந்து மொபைலை எடுத்தார். ஹனீபா எட்டிப் பார்த்து, “டெல்லி டைமுங்களா ரைட்டரே?” என்றார். மொபைல் பைக்குள் போய்விட்டது. கிங்ஸ்டனுக்கு போன் போட்டார்.

“ஏம்ப்பா, மணி முன்னாடி அடிக்கற மாதிரி தெரியுதே?”

“மூடுபனிங்க ரைட்டர். ஆறாச்சுன்னு எப்படித் தெரியும்னு நீங்கதானுங்களே கேட்டீங்க?”

யாரிடம் போய் முறையிடுவார்? பங்குச்சாமியாரிடமா? “சாமி, நான் லஞ்சம் கொடுத்துத் தள்ளி வைத்த மணியை யாரோ இழுத்துவிட்டார்கள்” என்றா?

சீக்கிரம் மூடின வாய், விடியும்போது கூவத் தொடங்கியது. உண்மையான பசி அவருக்குப் புதிது. நெஞ்சுவலியோ என்று பயந்தார். மூன்றாம் நாள், காலை ஆறு மணிக்கும் வழக்கமாக அடிக்கிற ஜெப மணி கேட்டதும் அவருக்குள் ஒரு வெளிச்சம். “குமாரி! காலையில அடிக்கறதும் கோயில் மணிதானே?” சட்டம் திருத்தப்பட்டது. காலையில் ராகிக் களியும் கீரையும் நன்றாகச் சாப்பிட்டார். அதனால் மதியம் வயிறு கத்தவில்லை, சாம்பாரோடு நிறுத்திக்கொண்டார். பஜ்ஜியும் உப்புமாவும் தானாகவே உதிர்ந்தன. சாயங்காலம் இரண்டு தோசை. டாக்டரம்மா சொன்ன அதே இடத்துக்கு, சொன்னதைக் கேட்காமலே, பின்பக்கமாக நடந்து வந்து சேர்ந்திருந்தார்.

டிசம்பர் இருபத்திரண்டு. அடிவாரத்துக்கு பஸ். முன் சீட்டில் கிங்ஸ்டனும் இருந்தார். நாலு நாளாகக் கால் கனக்கிறதாம், ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வந்தாராம். தேவகுமாரி அப்போதுதான் அவரைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தாள். மணிக்கயிறு மணியாகவே ஆகியிருந்தது.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். “இறங்கியிருக்கு சார். கொஞ்சம்தான், ஆனா இறங்கியிருக்கு. இடுப்பும் ரெண்டு இஞ்ச் கொறஞ்சிருக்கு. வேலைக்குப் போங்க. மார்ச் வரைக்கும் இப்படியே இருங்க, மறுபடி ஏறினாத்தான் மாத்திரை, வீடு எல்லாம்.”

தேவகுமாரி உள்ளுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொன்னாள். கிறிஸ்துதாஸோ நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, குடல் எப்படி ஓய்வெடுக்கிறது, ஈரல் எப்படிக் கூட்டிப் பெருக்குகிறது என்று டாக்டரம்மாவுக்கே விளக்க ஆரம்பித்தார்.

அடுத்து கிங்ஸ்டன். அவருடைய சீட்டில் இருந்தது, செப்டம்பரில் கிறிஸ்துதாஸின் சீட்டில் இருந்த அதே நம்பர்.

“என்ன சாப்பிடுவீங்க?”

“வடைங்க.”

“எப்ப?”

“ராத்திரி, கோயிலைப் பூட்டிப்போட்டு வந்துங்க.”

“பொழுது சாஞ்சப்புறம் சாப்பிடக் கூடாதுங்க” என்றார் டாக்டரம்மா. சொல்லியிருக்கக் கூடாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். அடுப்பில் பிரியாணி. இரண்டு தட்டு கேக், ஒரு கூடை முறுக்கு. ஐந்து இருபது ஆனது. மணி இல்லை. ஐந்தரை. இல்லை. ஆறும் தாண்டியது. பிள்ளைகள் இன்னும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துதாஸ் தோசைத் தட்டிலிருந்து மெல்ல நிமிர்ந்தார். முகத்தில் மூன்று வாரமாக இல்லாத ஒரு களை.

“குமாரி. மணி இன்னும் அடிக்கல.”

“அதனாலென்னுங்க?”

“அடிக்கலைன்னா நேரம் இருக்குதுன்னுதானே அர்த்தம்? அந்தப் பிரியாணி போசியை இப்படி நகர்த்து.” முக்காலியை இழுத்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். முதல் மூடியைத் திறந்தார்.

முக்காலி இழுபட்ட சத்தம் தேவகுமாரியின் மண்டைக்குள் இறங்கியது. செருப்புகூடப் போடவில்லை. மேட்டுப் படியில் அவள் ஏறின வேகத்தில் ஒரு நாய் பயந்து ஒதுங்கியது. மணிக்கூண்டுக் கதவைத் தள்ளினாள். உள்ளே கிங்ஸ்டன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் யாரோ கொடுத்த முழுக் கேக், ஒரு கையில் முறுக்கு. தலைக்கு மேலே கயிறு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

“கிங்ஸ்டன்! மணி?”

“அக்கா, மணி அடிச்சாச்சுன்னா நான் சாப்பிடக் கூடாதுங்களே” என்றார், வாய் நிறைய. “இதை முடிச்சுப்போட்டு அடிச்சுப்போடறனுங்க.”

இனம் பெருகுவது இப்படித்தான். ஒருவரைப் பார்த்து ஒருவர். அதிலும் இவர் கையிலேயே கயிறு.

தேவகுமாரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கேக்கைத் தாண்டி ஒரு எட்டு வைத்தாள். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, முழு உடம்பும் தொங்க இழுத்தாள். மூன்று மூன்றாக என்பதெல்லாம் அவளுக்கு நினைவில் இல்லை. சேர்வராயன் மலை அதுவரை கேட்டிராத மணி அது. நிறுத்தாமல் அடித்தது. பிள்ளைகள் வீட்டுக்கு ஓடினார்கள். ஹனீபா கடையை விட்டு வெளியே வந்து மேட்டைப் பார்த்தார். கீழே சமையல்கட்டில் ஒரு மூடி மெதுவாக மூடிக்கொண்டது. கிங்ஸ்டன் முறுக்கை வாயிலிருந்து வெளியே எடுத்து, மரியாதையாகக் கேக்கின் மேல் வைத்தார்.

மலையில் எல்லோரும் சொன்னார்கள், இந்த வருஷம் கிறிஸ்துமஸ் மணி நொம்ப சந்தோஷமாக அடித்தது என்று.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் மணி பார்த்துச் சாப்பிடுகிறவனே இல்லை என்பீர்கள். சரி. இந்தப் பக்கத்தைத் தொடங்கும்போது உங்கள் பக்கத்தில் ஒரு டப்பா இருந்ததே, அதில் எத்தனை இருந்தது, இப்போது எத்தனை இருக்கிறது? “நாளையிலிருந்து குறைக்கணும், அதனால் இன்றைக்கு மட்டும்” என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? இதை முடித்துவிட்டு மூடலாம் என்று ஒரு விரல் மறுபடியும் உள்ளே போகிறதல்லவா?

எடுங்கள் கையை. மணி அடித்துவிட்டது.